கே: ஸ்பானிய மொழியின் ஓரெழுத்துக் கேள்வி

ஸ்பானிய மொழியில் மிக அதிகமாகக் காதில் விழும் கேள்விச்சொல் ‘கே’. அகராதியில் அதற்கு நேரே ‘என்ன’ என்று போட்டிருக்கும். அது தவறில்லை, ஆனால் போதாது. ‘கே’யோடு ‘தால்’ சேர்ந்தால் நலம் விசாரிப்பு, ‘வா’ சேர்ந்தால் அடித்துச் சொல்லும் மறுப்பு, ‘லாஸ்திமா’ சேர்ந்தால் பரிதாபம், ‘போர்’ முன்னால் வந்தால் ‘ஏன்’. இந்தச் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்தவருக்குப் பாதி பேச்சு புரியாது. துணைச்சொற்களோடு சேர்த்துக் கற்றவருக்குப் பேச்சுவழக்கின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். ஸ்பானியம் இருபது நாடுகளில் ஆட்சிமொழியாகவும் ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழியாகவும் இருப்பதால், அந்தத் துணைச்சொற்கள் ஊருக்கு ஊர் மாறவும் செய்கின்றன.

‘கே’யின் மூலம் இலத்தீன் மொழியின் ‘க்விட்’. கடைசி மெய் தேய்ந்து விழுந்து ‘கே’ ஆனது. இத்தாலியத்தின் ‘கே’யும் போர்த்துகீசியத்தின் ‘கெ’யும் இதன் உடன்பிறப்புகள். தமிழில் ஒரே எழுத்தாக இருப்பது ஸ்பானியத்தில் மூன்று எழுத்து: ‘கூ’ என்று அவர்கள் பெயர் சொல்லும் எழுத்து, அதையடுத்து ஒலிக்காத ஒரு ‘ஊ’, பிறகு ‘ஏ’. நடுவிலுள்ள ‘ஊ’வை உச்சரித்து ‘க்வே’ என்பது புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஒரு காலத்தில் அந்த ‘கூ’ எழுத்து இன்னும் பல சொற்களில் இருந்தது. ‘எப்போது’ என்று பொருள்படும் ‘குவாந்தோ’வைக்கூட அதை வைத்துத்தான் எழுதினார்கள். 1815இல் ஸ்பானிய அரச மொழிக்கழகம் அந்த வழக்கத்தை மாற்றியது. 2010இல் வெளிவந்த எழுத்திலக்கணம் இன்னும் ஒரு படி போய், அந்த எழுத்தை ‘கெ’, ‘கி’ என்ற ஒலிகளுக்கு மட்டுமே ஒதுக்கி, கத்தார், ஈராக் போன்ற நாட்டுப் பெயர்களிலிருந்தும் விலக்கப் பரிந்துரைத்தது. இன்று அந்த எழுத்து வாழ்வதே பெரும்பாலும் ‘கே’யையும் அதன் உறவுச் சொற்களையும் நம்பித்தான்.

எழுத்தைவிட முக்கியம் அதன் மேலுள்ள சிறு கோடு. ஸ்பானியத்தில் ‘கே’ இரண்டு உண்டு. கோடு போட்டது அழுத்தி ஒலிக்கும். அது கேள்விக்கும் வியப்புக்கும் உரியது. கோடில்லாதது அழுத்தமில்லாமல் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடும். அது வாக்கியங்களை இணைப்பது. ஸ்பானியத்தில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. ஆனாலும் இந்த அழுத்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் காட்ட, கோடு போட்டதைக் ‘கே’ என்றும் கோடில்லாததைக் ‘கெ’ என்றும் எழுதினால் வசதி. இந்தக் கட்டுரை முழுக்க அப்படித்தான்.

வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு சிறு வாக்கியங்கள் போதும். ‘ஸே கெ கோமே’ என்றால் ‘அவன் சாப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும்’. ‘ஸே கே கோமே’ என்றால் ‘அவன் என்ன சாப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும்’. எழுத்தில் ஒரு கோடு, பேச்சில் ஓர் அழுத்தம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் இந்தக் கோட்டை அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டாவது வாக்கியத்தில் கேள்விக்குறி இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிக் கிடந்தாலும் கோடு போகாது. ‘நோ ஸே கே அஸேர்’, அதாவது ‘என்ன செய்வதென்று தெரியவில்லை’ என்பதிலும் அப்படியே.

கோடில்லாத ‘கெ’ தமிழின் ‘என்று’ செய்யும் வேலையில் பாதியைச் செய்கிறது. ‘கிரேயோ கெ வியெனே’ என்பது ‘வருகிறான் என்று நினைக்கிறேன்’. ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காமல் ‘கே?’ என்று திருப்பிக் கேட்டால், முதலாமவர் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்வதில்லை. முன்னால் ஒரு ‘கெ’ போட்டுச் சொல்வார். ‘வா’ என்று பொருள்படும் சொல் மறுமுறை ‘கெ வெங்காஸ்’ ஆகிவிடும். ‘வரச் சொன்னேன்’ என்பது போல. வாழ்த்துகளும் இந்தக் ‘கெ’யில்தான் தொடங்கும்: சாப்பிடுகிறவர்களிடம் ‘கெ அப்ரோவேச்சே’, வழியனுப்பும்போது ‘கெ தே வாயா பியென்’. இவற்றுக்கு வியப்புக்குறி போடலாம். கோடு போட்டால் பிழை.

உலகப் புகழ்பெற்ற ‘கே ஸெரா ஸெரா’வும் இந்த இடத்தில்தான் இடறுகிறது. ஹிட்ச்காக்கின் படத்துக்காக ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் எழுதி, டோரிஸ் டே பாடி, 1956ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் விருது பெற்ற பாட்டு அது. அதே மெட்டு 1957இல் வந்த ‘ஆரவல்லி’ படத்தில் ‘சின்னப் பெண்ணான போதிலே’ ஆகித் தமிழர் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பலரும் ஸ்பானியப் பழமொழி என்று நம்பும் அந்தத் தொடர் ஸ்பானிய இலக்கணத்துக்குப் பொருந்தாது. ‘நடப்பது நடக்கும்’ என்பதில் கேள்வியே இல்லை. ஆகவே கேள்விச்சொல்லுக்கு அங்கே வேலையும் இல்லை. ‘எதுவோ அது’ என்ற பொருள் தரும் ‘லோ கெ’ வர வேண்டும்: ‘லோ கெ ஸெரா, ஸெரா’.

இனி நேரடிக் கேள்விகள். ‘கே எஸ் எஸ்தோ’ என்றால் ‘இது என்ன?’. ‘கே கியெரெஸ்’ என்றால் ‘உனக்கு என்ன வேண்டும்?’. மரியாதை வினைச்சொல்லில் இருக்கிறது: ‘கே கியெரெஸ்’ நீ என்பவருக்கு, ‘கே கியெரே’ நீங்கள் என்பவருக்கு. அர்ஜென்டினாவில் நண்பனிடம் கேட்கும்போது அது ‘கே கெரேஸ்’ ஆகும். கேள்விச்சொல் முதலில் வரும், வினை உடனே பின்தொடரும், எழுவாய் தேவைப்பட்டால் கடைசியில் வரும். கியூபா, டொமினிக்கன் குடியரசு, போர்ட்டோ ரிக்கோ போன்ற கரீபியப் பகுதிகளிலோ ‘கே தூ கியெரெஸ்’ என்று ‘நீ’யை நடுவில் செருகிச் சொல்வார்கள். அந்த ஒரு ‘தூ’வைக் கேட்டே பேசுபவர் எந்தக் கடற்கரையைச் சேர்ந்தவர் என்று ஸ்பானியம் பேசும் மற்றவர்கள் ஊகித்துவிடுவார்கள்.

தமிழில் வேற்றுமை உருபு ஏறி ‘எதை’, ‘எதனோடு’, ‘எதைப் பற்றி’ என்றாவது போல, ஸ்பானியத்தில் முன்னிடைச்சொற்கள் ‘கே’யின் முன்னால் வந்து நிற்கும். ‘தே கே’ எதைப் பற்றி, ‘கோன் கே’ எதைக்கொண்டு, ‘ஆ கே ஓரா’ எத்தனை மணிக்கு. ‘எதைப் பற்றி யோசிக்கிறாய்’ என்பதற்கு ‘என் கே பியென்ஸாஸ்’ என்பார்கள். ஸ்பானியத்தில் யோசனை ஒரு பொருளுக்குள்ளே நடப்பதாகக் கணக்கு. இந்த முன்னிடைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் தொங்கவிடும் வழக்கம் ஸ்பானியத்தில் இல்லை. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். உருபைக் கேள்விச்சொல்லோடு சேர்த்தே பழகிய தமிழருக்கு இது இயல்பாக வரும்.

தமிழர்கள் தடுமாறுவது வேறோர் இடத்தில். ‘உங்கள் பெயர் என்ன?’, ‘தொலைபேசி எண் என்ன?’, ‘முகவரி என்ன?’ என்பவற்றில் எல்லாம் தமிழ் ‘என்ன’ போடுகிறது. ஸ்பானியம் இங்கே ‘கே’யை ஏற்காது, ‘எது’ என்று பொருள்படும் ‘குவால்’தான் வேண்டும். ‘குவால் எஸ் ஸு நோம்ப்ரே’ என்றால்தான் பெயர் கேட்டதாகும். ‘கே எஸ்’ என்று தொடங்கினால் அந்தப் பொருளின் வரையறையைக் கேட்டதாகிவிடும். ‘கே எஸ் லா காபிதால்’ என்றால் ‘தலைநகரம் என்றால் என்ன?’ என்று பாடப்புத்தகக் கேள்வி. ‘குவால் எஸ் லா காபிதால் தெல் பெரூ’ என்றால் ‘பெருவின் தலைநகரம் எது?’, பதில் லிமா. பல சாத்தியங்களிலிருந்து ஒன்றைச் சுட்டிக்காட்டச் சொன்னால் ‘குவால்’, விளக்கம் சொல்லச் சொன்னால் ‘கே’. ஆனால் பெயர்ச்சொல் நேராகப் பின்னால் ஒட்டி வந்தால் தேர்வுக் கேள்விக்கும் ‘கே’தான் பொதுவழக்கு: ‘கே கோலோர் தே குஸ்தா’, எந்த நிறம் பிடிக்கும். அமெரிக்கக் கண்டத்தின் பல நாடுகளில் அங்கேயும் ‘குவால்’ கேட்கும். ஸ்பெயினில் அது அரிது. ஆக, தமிழின் ‘எந்த’ பெரும்பாலும் ‘கே’ ஆகும். ‘எது’வும், பெயர் எண் முகவரி கேட்கும் ‘என்ன’வும் ‘குவால்’ ஆகும். ஸ்பானியம் கற்கத் தொடங்கும் தமிழர் முதல் வாரத்திலேயே மனதில் பதிக்க வேண்டிய விதி இது. பெயர் கேட்பதில்தானே எந்தப் பேச்சும் தொடங்குகிறது?

‘எவ்வளவு’ கேட்பதிலும் கண்டத்துக்குக் கண்டம் வேறுபாடு உண்டு. ‘எவ்வளவு தூரம்?’ என்பதற்கு லத்தீன் அமெரிக்காவில் ‘கே தான் லேஹோஸ்’ என்பார்கள். ஸ்பெயினில் அது அன்னியமாக ஒலிக்கும். அங்கே ‘ஆ கே தீஸ்தான்ஸியா’ என்றோ ‘கோமோ தே லேஹோஸ்’ என்றோதான் கேட்பார்கள். எக்வடோர் இயக்குநர் தானியா எர்மீதா 2006இல் எடுத்த படத்துக்கு ‘கே தான் லேஹோஸ்’ என்றே பெயர். ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணியும் எக்வடோர் மாணவி ஒருத்தியும் ஒன்றாகச் சாலையில் பயணிக்கும் கதை அது. தலைப்பே ஒரு பயணியின் மொழியாக இல்லாமல் மற்றவளின் மொழியாக இருப்பது பொருத்தம்.

‘ஏன்’ என்பதும் ‘கே’யின் வீட்டுச் சொல்தான். ‘போர் கே’ என்று பிரித்து, கோடு போட்டு எழுதினால் கேள்வி: ஏன். ‘போர்கெ’ என்று சேர்த்து, கோடில்லாமல், அழுத்தமின்றிச் சொன்னால் பதில்: ஏனென்றால். ‘போர்கே’ என்று சேர்த்து, கோடும் போட்டு, முன்னால் ‘எல்’ என்ற சுட்டு வைத்தால் ‘காரணம்’ என்ற பெயர்ச்சொல். பிரித்தும் கோடில்லாமலும் எழுதும் நான்காவது ஒன்று உண்டு. அது எழுத்துநடையில் எப்போதாவது வருவது. இந்த நான்கையும் பிரித்தறிவது ஸ்பானிய மொழிப் பள்ளிக்கூடங்களில் நிரந்தரப் பாடம். தாய்மொழிக்காரர்களே கடைப் பலகையிலும் அறிவிப்பிலும் மாற்றி எழுதிவிடுவதுண்டு.

‘போர் கே’யோடு ‘பாரா கே’யைக் குழப்பக் கூடாது. முன்னது பின்னால் கிடக்கும் காரணத்தைத் தேடுகிறது, பின்னது முன்னால் இருக்கும் நோக்கத்தை. மருத்துவரிடம் போகிறவரிடம் ‘போர் கே’ என்று கேட்டால் ‘காய்ச்சல்’ என்பார். ‘பாரா கே’ என்று கேட்டால் ‘மருந்துச்சீட்டு வாங்க’ என்பார். தமிழ்ப் பேச்சில் ‘ஏன்’, ‘எதுக்கு’ இரண்டும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று தாராளமாக வரும். ஸ்பானியத்தில் அந்தத் தாராளம் குறைவு. ஆனால் சலிப்போடு தனியாகச் சொல்லும் ‘பாரா கே?’ நம்முடைய ‘எதுக்கு, விடு’ என்பதேதான்.

கேள்வியிலிருந்து வியப்புக்குத் தாவ ‘கே’க்குக் குரல் ஒன்று போதும். ‘கே காலோர்’, என்ன வெக்கை! ‘கே போனீத்தோ’, எவ்வளவு அழகு! ‘கே சூஸ்தோ’, அப்பப்பா, பயந்தே போய்விட்டேன்! பெயர்ச்சொல்லோடு அடைமொழியும் வந்தால் நடுவில் ‘தான்’ அல்லது ‘மாஸ்’ சேரும்: ‘கே காஸா தான் கிராந்தே’, எவ்வளவு பெரிய வீடு! ‘கே ஓம்ப்ரே’ என்பது தமிழின் ‘என்ன மனுஷன்!’ போலவே பாராட்டாகவும் இருக்கலாம், பொறுமை இழந்ததாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்விக்கும் வியப்புக்கும் நடுவே நிற்கும் கூற்றும் உண்டு. பெத்ரோ அல்மொதோவார் 1984இல் எடுத்த படத்தின் தலைப்பு ‘இதற்கு நான் என்ன பாவம் செய்தேன்’ என்ற பொருளில் ‘கே’யில் தொடங்கும். அதைத் தலைகீழ்க் கேள்விக்குறியோடு ஆரம்பித்து வியப்புக்குறிகளோடு முடித்திருப்பார்கள். விதிமீறல் போலத் தோன்றினாலும், ஒரே வாக்கியம் கேள்வியும் கதறலுமாக இருக்கும்போது இப்படிக் கலந்து எழுத ஸ்பானிய எழுத்திலக்கணம் இடம் கொடுக்கிறது.

அந்தத் தலைகீழ்க் குறிக்கு ஒரு காரணம் உண்டு. ‘வியெனெஸ் மஞ்ஞானா’ என்பது ‘நாளைக்கு வருகிறாய்’ என்ற கூற்றாகவும் இருக்கலாம், ‘நாளைக்கு வருகிறாயா?’ என்ற கேள்வியாகவும் இருக்கலாம். தமிழின் ‘ஆ’ போன்ற வினா எழுத்து அவர்களுக்கு இல்லை. சொல் வரிசையும் மாறாது. வாய்விட்டு வாசிப்பவர் கேள்வி என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால்தான் குரலை ஏற்ற முடியும். அதற்காக 1754இல் மொழிக்கழகம் தொடக்கக் குறியைக் கொண்டுவந்தது. ‘கே’ இருக்கும் கேள்விகளில் சொல்லே கேள்வியைக் காட்டிவிடும். குரலும் கடைசியில் ஏறாமல் பொதுவாக இறங்கித்தான் முடியும். ஆனாலும் குறி அவற்றுக்கும் உண்டு.

வியப்புத் தொடர்களில் எச்சரிக்கை வேண்டியது ‘கே பேனா’. ஸ்பெயினில் அதற்கு ‘அடடா, பாவம்’ என்று பொருள். கொலம்பியாவிலும் மெக்ஸிகோவிலும் ‘பேனா’ என்றால் கூச்சம். கொலம்பியர் ‘கே பேனா கோன் உஸ்தேத்’ என்றால் உங்கள்மேல் பரிதாபப்படவில்லை, ‘மன்னிக்கணும், எனக்கே சங்கடமாக இருக்கிறது’ என்கிறார். பரிதாபத்துக்கு எங்கும் பாதுகாப்பானது ‘கே லாஸ்திமா’. ‘சூப்பர்’ என்பதற்கு ஸ்பெயினில் ‘கே குவாய்’, மெக்ஸிகோவில் ‘கே பாத்ரே’, சிலியிலும் பெருவிலும் ‘கே பகான்’. இவற்றில் ‘பாத்ரே’ என்பதற்கு நேர்ப்பொருள் அப்பா.

சலிப்பும் எதிர்ப்பும் காட்டும் தொடர்கள் தனி வளம். ‘கே வா’ என்றால் ‘அதெல்லாம் கிடையாது’. ‘கே மாஸ் தா’ என்றால் ‘எதுவானால் என்ன’. ‘ஈ கே?’ என்றால் ‘அதனால என்ன?’. ‘கே ரெமேதியோ’ என்றால் ‘வேறு வழி?’. கேள்வியின் கடைசியில் ‘ஓ கே’ ஒட்டினால் பொறுமை போகிறது என்று அர்த்தம்: ‘வியெனெஸ் ஓ கே?’, ‘வர்றியா, இல்லையா?’. எல்லாவற்றிலும் சுவையானது, ஒருவர் சொன்ன சொல்லையே பிடித்துத் தூக்கி எறியும் அமைப்பு. ‘மருத்துவரைப் பார்’ என்று யாரோ சொல்ல, பாட்டி ‘கே மேதிகோ நி கே ஓச்சோ குவார்த்தோஸ்’ என்று வெடிப்பார். ‘ஓச்சோ குவார்த்தோஸ்’ என்றால் எட்டுச் செப்புக்காசு. தமிழ்ப் பாட்டி இதே இடத்தில் ‘டாக்டராவது கீக்டராவது!’ என்பார்.

‘கே’ பெயர்ச்சொல்லாகவும் ஆகும். ‘எல் கே திரான்’ என்றால், சொல்லுக்குச் சொல், ‘என்ன சொல்வார்கள் என்பது’. நாலு பேர் என்ன பேசுவார்களோ என்ற பயத்துக்கே ஸ்பானியர்கள் இப்படி ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஃபெதெரிகோ கார்சியா லோர்கா 1936இல் எழுதிய ‘பெர்னார்தா ஆல்பாவின் வீடு’ நாடகத்தில் ஐந்து பெண்மக்களைப் பூட்டிவைக்கும் தாயை ஆட்டுவிப்பது இந்தப் பயம்தான். ‘உன் நோ ஸே கே’ என்பது இன்னொன்று: ‘என்னவென்று சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று’. பதினாறாம் நூற்றாண்டின் துறவிக் கவிஞர் சிலுவையின் யோவான் இந்தத் தொடரைக் கையாண்ட ஒரு வரியில், ‘கெ’ ஒலி அடுத்தடுத்து மூன்று முறை வந்து, கடவுளைச் சொல்ல முயன்று நாக்குத் திக்குவதைக் காதால் கேட்கவைக்கும். பெனிதோ ஃபெய்ஹோ என்ற பெனடிக்ட் சபைத் துறவி, அழகில் விளக்க முடியாமல் எஞ்சும் அம்சத்தைப் பற்றி, அதே தொடரைத் தலைப்பாக வைத்து 1734இல் கட்டுரையே எழுதினார்.

மரியாதை பற்றி ஒரு விஷயம். ஒருவர் சொன்னது காதில் விழாதபோது வெறுமனே ‘கே?’ என்பது நண்பர்களிடையே சரி; பெரியவர்களிடம் வெடுக்கென்று இருக்கும். ஸ்பெயினில் ‘கோமோ?’ அல்லது ‘பெர்தோன்?’ என்பார்கள். மெக்ஸிகோவில் ‘மாந்தே?’, நேர்ப்பொருள் ‘உத்தரவிடுங்கள்’. குழந்தை ‘கே?’ என்றால் தாய் ‘மாந்தே சொல்லு’ என்று திருத்துவது அங்கே வீட்டுக்கு வீடு நடப்பது. இது காலனிக் காலத்து அடிமைத்தனத்தின் மிச்சம் என்று எதிர்ப்பவர்கள் உண்டு. சொல்பவர்களின் மனதில் இருப்பது நாம் ‘சொல்லுங்க’ என்று சொல்லும் பணிவைத் தவிர வேறில்லை. கடைக்காரரின் ‘கே ஸே லே ஓஃப்ரேஸே’ என்பதும் அதே மெக்ஸிகோ மரியாதைதான்: ‘என்ன வேணுங்க?’.

பார்த்தவுடன் நலம் விசாரிக்க எங்கும் செல்லுபடியாவது ‘கே தால்’. பதிலுக்கு ‘பியென், ஈ தூ?’ போதும், உடம்பு வலியை விவரிக்க வேண்டியதில்லை. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் அது அபிப்பிராயக் கேள்வி: ‘கே தால் லா கோமிதா’, சாப்பாடு எப்படி? இளைஞர்களிடையே ஸ்பெயினில் ‘கே பாஸா’, மெக்ஸிகோவில் ‘கே ஓந்தா’. ‘ஓந்தா’ என்றால் அலை. ‘என்ன நடந்தது’ என்று பொருள்படும் ‘கே ஊபோ’ வேகமாகச் சொல்லிச் சொல்லி ‘கியூபோ’ ஆகிவிட்டது. கொலம்பியாவிலும் மெக்ஸிகோவிலும் சிலியிலும் கேட்கலாம். கொலம்பியர்கள் பேச்சைத் தொடங்குவதே ‘கே மாஸ்’ என்றுதான்: ‘வேறென்ன?’. முதல் சொல்லே ‘வேறென்ன’ என்றால் புதிதாக வந்தவர் திகைக்கத்தான் செய்வார். டொமினிக்கன் குடியரசில் ‘கே லோ கே’. பனாமாவில் ‘கே ஷொபா’. ‘பாஸோ’ என்ற சொல்லின் அசைகளைத் திருப்பிப் போட்டுப் பிறந்தது அது. கியூபாவில் ‘கே போலா’. 2016 மார்ச்சில் ஹவானாவில் தரையிறங்கிய அமெரிக்க அதிபர் ஒபாமா, ‘கே போலா, கியூபா?’ என்று ட்விட்டரில் எழுதினார். பாடப்புத்தக ‘கே தால்’ போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் தெருவின் சொல்லை எடுத்ததால்தான் அந்த வாழ்த்து தீவு முழுக்கப் பேசப்பட்டது.

நன்றி சொன்னவருக்கு மறுமொழியாக ‘தே நாதா’ எல்லோருக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் பண்பாகச் சொல்ல ‘நோ ஐ தே கே’ உண்டு. ‘நன்றி சொல்ல இதில் என்ன இருக்கிறது’ என்பது அதன் பொருள்.

கைப்பேசிச் செய்திகளில் ‘கே’ ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. ‘கூ’ எழுத்து மட்டும், அல்லது ஆங்கிலத்தில் ‘கே’ என்றும் ஸ்பானியத்தில் ‘கா’ என்றும் சொல்லும் எழுத்து மட்டும். ‘போர் கே’க்கும் ‘போர்கெ’க்கும் பெருக்கல் குறி போட்டு அதன் பக்கத்தில் ‘கூ’வை எழுதுகிறார்கள். வாய்ப்பாட்டில் ‘இரண்டு பெருக்கல் மூன்று’ என்பதை அவர்கள் ‘தோஸ் போர் த்ரெஸ்’ என்று படிப்பதால் பெருக்கல் குறிக்கு ‘போர்’ என்ற ஒலி வந்தது. அந்தச் சுருக்கத்தில் கோடும் இல்லை, தலைகீழ்க் குறியும் இல்லை. ‘ஏன்’ கேட்டவரும் ‘ஏனென்றால்’ என்று பதில் சொன்னவரும் ஒரே இரண்டு எழுத்தைத்தான் தட்டியிருப்பார்கள். கேள்விக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, பதிலுக்குப் பின்னால் ஒரு விளக்கம். அதைக்கொண்டே இருவரும் குழப்பமில்லாமல் பேசிக்கொள்கிறார்கள்.